தண்ணி கலக்காத பவுடர்

ஏப்ரல் 6, திங்கள்

புது வருசத்துக்கு ஜவுளிக்கடையில குடுத்த டைரி. மூணு மாசமா சும்மா கிடந்துச்சு. இன்னையில இருந்து எழுதறேன்.

எழுத்துப் பரீட்சை பாஸ். மே 14 வியாழக்கிழமை உடற்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். தேறினா போலீஸ். தேறலைன்னா சுடிதார் செக்‌ஷன்லயே நின்னு நின்னு கிழவி ஆக வேண்டியதுதான். ஜூலையில எனக்கு இருபத்தெட்டு முடியுது. அதுக்கப்புறம் அப்ளிகேஷனே போட முடியாது. இதுதான் கடைசி.

காலேஜ் கிரவுண்டுல ஜெயசிங் மாஸ்டர் கோச்சிங்ல சேர்ந்தாச்சு. காலையில அஞ்சரைக்கு. பொம்பளைப் பிள்ளைங்க மொத்தம் பத்தொன்பது பேர். மாஸ்டர் மிலிட்டரியில இருந்தேன்னு சொல்றார். எந்த ரெஜிமென்ட் சார்னு பேச்சி கேட்டதுக்கு விசில் ஊதிட்டார். பேச்சின்னா பேச்சியம்மாள். இன்னைக்குத்தான் பழக்கம். என் வயசுதான், கல்யாணம் ஆகி மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. முதல் நாளே என் பக்கத்துல வந்து நின்னு, "நீ கடைசியா ஓடு, நான் கடைசிக்கு முன்னாடி ஓடறேன், ரெண்டு பேருக்கும் அசிங்கம் கம்மி"ன்னா. எனக்குப் பிடிச்சுப் போச்சு.

கிரவுண்டு மூலையில பொம்பளைங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் இருக்கு. கதவுக்குக் கொண்டி இல்ல. எட்டிப் பார்த்தேன். இப்பத்தான் சாப்பிட்டேன், அதனால உள்ள என்ன கிடந்துச்சுன்னு எழுதப் போறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். பின்பக்கச் சுவத்துல எவனோ ஒரு செங்கலை உருவி எடுத்து வச்சிருக்கான், பார்க்கறதுக்கு வசதியா. த்தூ! பேச்சிக்கு வாந்தியே வந்துடுச்சு. நான் சொல்லிட்டேன்: "இங்க போக வேண்டாம்னா ஒரே வழிதான். தண்ணி குடிக்காத."

அதுல நான் கெட்டிக்காரி. ஒம்பது வருசம் ஜவுளிக்கடையில நின்னவ.

ஏப்ரல் 7, செவ்வாய்

மாடிப்படி இறங்க முடியல. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்கினேன். கடையில ஒரு அம்மா, "அந்தக் கீழ்த் தட்டுல இருக்கற பச்சையை எடும்மா"ன்னாங்க. குனிஞ்சேன், நிமிர முடியல. பச்சை வேண்டாமாம், அதுக்கும் கீழ இருக்கற நீலம் வேணுமாம். மனசுக்குள்ள அவங்க குடும்பத்தையே திட்டித் தீர்த்தேன்.

தொடை ரெண்டும் என்னுது இல்ல. யாரோ அடிச்சுப் போட்டுட்டுப் போன தொடை.

ஏப்ரல் 9, வியாழன்

மாஸ்டர் இன்னைக்குப் பாடம் எடுத்தார். சிமெண்டுத் தரையில சாக்பீஸால ஒரு கால் வரைஞ்சு உள்ள புள்ளி புள்ளியா வச்சார்.

"இது என்ன?"

"கொசுக்கடி சார்"னா பேச்சி.

"லாக்டிக் ஆசிட்! ஓடும்போது சதைக்குள்ள ஊறும். ஊறித் தேங்கிடும். அதான் உங்களுக்கு வலி. அதை வெளிய தள்ளாம எவளும் ஓட்டத்துல டூ ஸ்டார் மார்க் வாங்க முடியாது."

தள்ளறதுக்கு அவர்கிட்டயே பவுடர் இருக்கு. வெள்ளை டப்பா, மேல சிங்கம் படம், எழுத்தெல்லாம் எறும்பு சைஸுல இங்கிலீஷ். ஒரு கரண்டி, அரை லிட்டர் தண்ணி, ஓடி முடிச்சதும் குடிக்கணும். பச்சை ஆப்பிள் வாசனையாம். கருமம். ஆப்பிளைக் கொண்டுபோய் பினாயில் வாளியில முக்கி எடுத்த மாதிரி ஒரு நாத்தம். அடியில வெள்ளையா மண்டி தங்குது, அது கசக்குது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்.

அரை லிட்டர் தண்ணி சும்மா இருக்குமா? கடையில பாத்ரூம் போக மரக்கட்டை டோக்கன், ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. மூணாவது தடவை போய் நின்னேன். சூப்பர்வைசர் அத்தனை கஸ்டமர் முன்னாடியும் சத்தமா, "ஏம்மா, இந்த வயசுலயே சுகரா?"ன்னான். செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு. அவனை இல்ல, என்னை நினைச்சுத்தான் குமட்டுச்சு.

ஏப்ரல் 10, வெள்ளி

கண்டுபிடிச்சுட்டேன். தண்ணியே வேண்டாம். கரண்டியில பவுடரை எடுத்து அப்படியே நாக்குல கொட்டி, ஒரு மடக்குத் தண்ணி விட்டு முழுங்கிடணும். தொண்டையில ஒட்டும், கண்ணுல தண்ணி வரும், அவ்வளவுதான். பாத்ரூம் தொல்லை இல்ல.

பேச்சிக்குக் காட்டிக் குடுத்தேன். இருமி இருமி என் மூஞ்சியில பாதியைத் துப்பினா. துடைச்சுட்டு மறுபடி ஒரு கரண்டி குடுத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வலி போச்சு. சத்தியமா போச்சு! நானூறு மீட்டரை ரெண்டு நிமிசம் பன்னிரண்டு செகண்டுல ஓடிட்டேன். ரெண்டரைக்குள்ள வந்தா போதும். மாஸ்டர் முதுகுல தட்டி, "பாத்தியா, ஆசிட் இறங்கிடுச்சு"ன்னார்.

ஏப்ரல் 16, வியாழன்

என்னைப் பிள்ளைங்களுக்கு லீடர் ஆக்கிட்டார். காலையில டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் கரண்டி போடறது என் வேலை. என் "தண்ணி இல்லா" முறையை எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. வரிசையா நின்னு நாக்கை நீட்டறாளுங்க. பதினெட்டு நாக்கு. வெள்ளை படிஞ்ச நாக்கு, மஞ்சள் நாக்கு, வெத்தலை போட்ட நாக்கு ஒண்ணு. ஒரே கரண்டி வேற. முதல் நாள் எனக்குக் காலைச் சாப்பாடே இறங்கல. இப்பப் பழகிடுச்சு.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாஸ்டர் ரூமைக் கூட்டச் சொன்னார். வேலைக்காரி மாதிரி கூட்டினேன். கட்டிலுக்கு அடியில அழுக்கு பனியன், முட்டை ஓடு, கரப்பான் பூச்சி, காலி மாத்திரை அட்டை ஒரு கேரி பேக் நிறைய. அலமாரியில மிக்ஸி ஜார், அதுல வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இந்த ஆளுக்கும் மூட்டு வலி போல. வயசாகுதுல்ல.

நீளம் தாண்டுதல்ல இன்னும் அரையடி வேணும்.

ஏப்ரல் 24, வெள்ளி

வயிறு எரியுது. ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகுது. அதுவும் கடுகு எண்ணெய் நிறத்துல, பவுடர் நாத்தத்தோட. டோக்கன் மிச்சம். சூப்பர்வைசர் இப்ப என்னை மத்த பொண்ணுங்களுக்கு உதாரணம் காட்டறான்.

ஏப்ரல் 29, புதன்

பேச்சி இன்னைக்கு நாக்கை நீட்டல.

"எனக்கு வேண்டாம் கனி. கால் வீங்குது பாரு."

"ஓடினா வீங்கத்தான் செய்யும்."

"கசப்பு ஒரு மாதிரியா இருக்குடி. எங்க வீட்டுக்காரர் லோடு ஏத்திட்டு வந்து முதுகுவலிக்குப் போடற மாத்திரையை நான் ஒரு தடவை கடிச்சுட்டேன். அதே கசப்பு."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்துச்சுன்னு தெரியல. "ஆமா, எல்லாம் உனக்குத்தான் தெரியும்! டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியதுதானே? வலியோட ஓடி ஃபெயிலாகி வீட்டுல போய் உக்காரு, எனக்கென்ன?"ன்னு கத்திட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. பேச்சி முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு நாக்கை நீட்டினா. நான் கொட்டினேன்.

சொல்லப்போனா ஒரு கரண்டி கூடவே கொட்டினேன்.

மே 3, ஞாயிறு

நாளைக்குக் கத்திரி ஆரம்பம். மாஸ்டருக்கு அதெல்லாம் கணக்கில்ல. ஞாயித்துக்கிழமைன்னு எட்டு மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும் விரட்டினார். நானூறு மீட்டர், பன்னிரண்டு தடவை. வேர்வை வர்றதே நின்னு போச்சு. வாயில எச்சிலே இல்ல. பதினொண்ணாவது சுத்துல பேச்சி தடத்துலயே உக்காந்து வாந்தி எடுத்தா. பச்சை ஆப்பிள் நாத்தம், அதுக்கு மேல ஈ. மாஸ்டர் மணலைக் காலால தள்ளி மூடிட்டு, "எந்திரி, எந்திரி"ன்னார்.

அப்புறம் பேச்சி புதருக்குப் பின்னாடி போயிட்டு வந்து என் கையைப் பிடிச்சா. "கனி, கருப்பா போகுதுடி. கருப்பட்டிக் காப்பி மாதிரி."

போய் மாஸ்டர்கிட்டக் கேட்டேன். சிரிச்சார். "நல்லதும்மா. உள்ள தேங்கின ஆசிட் எல்லாம் வெளிய வருதுன்னு அர்த்தம். பயப்படாம இன்னொரு கரண்டி போடச் சொல்லு."

வந்து பேச்சிகிட்ட அதை அப்படியே சொன்னேன். இன்னொரு கரண்டியும் போட்டேன். நம்பினேனான்னு கேட்டா, நம்பினேன்னுதான் சொல்லுவேன்.

மே 5, செவ்வாய்

ரெண்டு நாளா பேச்சி வரல. மத்தியானம் அவ வீட்டுக்காரர் பொன்ராசு போன் பண்ணினார். பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஒரு சொட்டுக் கூட ஒண்ணுக்குப் போகலையாம். கிட்னின்னு சொல்றாங்களாம்.

போனை வச்ச அடுத்த நிமிசம் மாஸ்டர் கூப்பிட்டார், அவருக்கும் சேதி போயிருக்கு. "பாக்கப் போவியா? போ. ஆனா பவுடர் அது இதுன்னு வாயைத் திறக்காத. டாக்டர் எழுதினா கேஸ் ஆகும். கையில எடுத்துக் குடுத்தது நீ. எஃப்.ஐ.ஆர்ல உன் பேரு வந்துச்சுன்னா, நீ நூறு ஸ்டார் வாங்கினாலும் வெரிஃபிகேஷன்ல தூக்கி எறிஞ்சிடுவான். போலீஸ் வேலை அம்புட்டுத்தான். புரியுதா?"

புரியுது. நல்லாவே புரியுது.

மே 6, புதன்

ஆஸ்பத்திரி. மூஞ்சி வீங்கி, கண்ணு ரெண்டும் கோடா இருக்கு. கழுத்துல குழாய். பேச்சியை நான் அடையாளமே தெரியாம தாண்டிப் போயிட்டேன். அவ பொண்ணு அடுத்த பெட்டு நோயாளி குடுத்த பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

டாக்டரம்மா பேரு நஸீமா. சின்ன வயசு, தூங்கி நாலு நாள் ஆன மூஞ்சி. கட்டிலுக்கு முன்னாடியே நின்னு கேட்டாங்க.

"நீங்கதானே இவங்ககூட பிராக்டீஸ் பண்றது? என்ன சாப்பிட்டாங்க? வலி மாத்திரை ஏதும் போட்டாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

பொன்ராசு அண்ணன் என் மூஞ்சியையே பார்த்தார். நான் சொன்னேன்: "மாத்திரை எல்லாம் இல்ல மேடம். சத்து மாவு மாதிரி ஒரு பவுடர். எல்லாரும்தான் சாப்பிடறோம். அது ஒண்ணும் பண்ணாது."

டாக்டரம்மா அதை எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

வெளிய வந்து மரத்தடியில நின்னேன். வாயில ஒரு கசப்பு. பவுடர் கசப்புன்னு நினைச்சு மூணு தடவை கொப்பளிச்சேன். இன்னைக்கு நான் பவுடரே போடல.

மே 7, வியாழன்

டயாலிசிஸ் பண்ணினாங்க. நான் கடையில இருந்தேன். பதினாலு சுடிதார் வித்தேன்.

மே 9, சனி

பவுடரை நிறுத்தி நாலு நாள். வலி திரும்பி வந்துடுச்சு, மொத்தமா, வட்டியும் முதலுமா. உக்காந்தா எந்திரிக்க முடியல. ஆசிட் இறங்கிடுச்சுன்னாரே, இறங்கினது எப்படித் திரும்ப ஏறுச்சு? வலி எங்கயும் போகவே இல்ல. நமக்குத் தெரியாம மூடி வச்சிருந்திருக்கான். மாத்திரை அட்டையை என் கையால கூட்டி அள்ளினேன். மிக்ஸி ஜாரை என் கண்ணால பார்த்தேன். மூட்டு வலின்னு எழுதி வச்சிருக்கேன் பாரு, எவ்வளவு சாமர்த்தியம்! அன்னைக்கே தெரியும்டி உனக்கு. அட்டையோட பேரைப் படிச்சுட்டுத்தான் குப்பையில போட்ட.

சீ!

மே 10, ஞாயிறு

மாஸ்டர் ரூமுக்குப் போனேன். ஆம்லெட் தின்னுக்கிட்டு இருந்தார். கேட்டேன். மறைக்கவே இல்ல அந்த ஆளு.

"ஆமா, கலந்தேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே? வலிச்சா ரெண்டாவது நாளே ஓடிப் போயிடுவீங்க. இதுக்கு முன்னாடி எத்தனை பேட்ச், ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல. தண்ணி கலந்து குடிங்கன்னு நான் சொன்னேன். நக்கிச் சாப்பிடுங்கன்னு நானா சொன்னேன்?"

வாயில மஞ்சக்கருவோட சிரிக்கறார். அந்த ஒரு விசயத்துல அந்த ஆளு சொன்னது நெசம்.

வெளிய வந்தா பிள்ளைங்க வரிசையில நிக்கறாங்க. "அக்கா, டப்பா?"ன்னு கேட்டா ஒருத்தி. வேற யாராவது குடுங்கன்னுட்டு பாத்ரூம் போற மாதிரி நழுவிட்டேன். நிறுத்துங்கடின்னு ஒரு வார்த்தை சொல்லல. பதினேழு பேர், பதினேழு நாக்கு. இன்னும் நாலே நாள்தானே, நாலு நாள்ல என்ன ஆயிடும்னு மனசு சொல்லுது. இந்த மனசை வச்சுக்கிட்டுத்தான் நான் போலீஸ் ஆகப் போறேன்.

மே 11, திங்கள்

கடைக்கு லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுதணும்.

பேச்சி முழிச்சிருந்தா. வார்டுல ஒரே நாத்தம், டெட்டாலும் மூத்திரமும் சாம்பாரும். டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க. "டயாலிசிஸ் பண்ணியும் ரத்தத்துல உப்பு இறங்க மாட்டேங்குதே. ஏதோ ஒண்ணு இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு." அவங்க அடுத்த கட்டிலுக்குப் போனதும் பேச்சி என்னைக் குனியச் சொன்னா. வாய் நாத்தம் தாங்கல, அம்மோனியா மாதிரி. நான் மூஞ்சியைத் திருப்பினேன். அவ கவனிச்சுட்டா. கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிட்டுத்தான் பேசினா.

"கனி, நான் யார்கிட்டயும் சொல்லல."

"என்னத்த?"

"நீதான் குடுத்தன்னு. டாக்டர் எத்தனையோ தடவை கேட்டாங்க. கேஸுன்னு வந்தா உன் வேலை போயிடும்ல. எனக்குத்தான் இந்தத் தடவை இல்லன்னு ஆயிடுச்சு. நீயாவது தொப்பி போட்டு வந்து நில்லு. என் பொண்ணு பார்க்கட்டும்."

நழுவின போர்வையை இழுத்து விட்டேன்.

அப்பத்தான் பொன்ராசு அண்ணன் தண்ணி பிடிச்சுக்கிட்டு வந்தார். அக்கம் பக்கம் பார்த்துட்டு, குழந்தையோட துணிப் பைக்குள்ள கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். சிங்கம் படம். பேச்சி முன்னாடி மாஸ்டர்கிட்ட வாங்கி வீட்டுல வச்சிருந்த டப்பா. மூடியில ஒரு கரண்டி கொட்டி, "வாயைத் திற பேச்சி"ன்னார்.

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னுச்சு. "அண்ணே, என்ன பண்றீங்க?"

"கெண்டைக்கால் வலியில ராவெல்லாம் கத்துதும்மா. நர்ஸைக் கேட்டா டாக்டரைக் கேளுங்கறாங்க, டாக்டர் வலி மாத்திரை தர முடியாதுங்கறாங்க. இதைப் போட்டா ஒரு மணி நேரத்துல அடங்கிடுது. நீங்கதானே சொன்னீங்க, சத்து மாவு, ஒண்ணும் பண்ணாதுன்னு?"

ஆறு நாளா, ரெண்டு வேளை. நான் வந்து பார்த்துட்டுப் போன அன்னையில இருந்து. ராத்திரியாவது தூங்கட்டும்னு பாவம் அந்த மனுசன் பொண்டாட்டிக்கு ஆசையா ஊட்டிக்கிட்டு இருந்திருக்கார். நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி.

கையில இருந்து தட்டி விட்டேன். பவுடர் அவ கழுத்துல, குழாய் மேல, போர்வை மேல எல்லாம் கொட்டுச்சு. குழந்தை அழுதுச்சு. பொன்ராசு அண்ணன், "ஏம்மா, உனக்கு என்ன பைத்தியமா?"ன்னு கத்தினார். டப்பாவைப் பிடுங்கிக்கிட்டு வார்டு நடுவுலயே ஓடினேன். தொடை ரெண்டும் கிழியற மாதிரி வலிச்சுச்சு. டாக்டரம்மா முன்னாடி டேபிள்ல வச்சேன்.

"மேடம், நான் சொன்னது பொய். இதுல வலி மாத்திரை அரைச்சுப் போட்டிருக்கு. கலந்தது எங்க மாஸ்டர். குடுத்தது நான். தண்ணி இல்லாம முழுங்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். இங்கயும் அவ இதைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

லாக்டிக் ஆசிட் கருப்பா வெளிய போகுதுன்னு மாஸ்டர் சொன்னதையும், மாத்திரை பேரையும் சொன்னேன். மறந்திருந்தாத்தானே!

அவங்க திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டல. டப்பாவை மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாங்க. "இந்த வெயில்ல, தண்ணி இல்லாம, இது வேறயா... ஏம்மா, லாக்டிக் ஆசிட் எல்லாம் ஓடி நின்ன ஒரு மணி நேரத்துல தானா போயிடும்மா. மறுநாள் வலிக்கறது சதையில விழுந்த பொடிக் கிழிசல். அதுக்கு ரெஸ்ட் குடுத்தாப் போதும். கருப்பாப் போச்சே, அது ஆசிட் இல்ல. சதையே கரைஞ்சு போயிருக்கு, அது கிட்னியை அடைச்சிருக்கு."

தண்ணியும் ரெஸ்டும். அவ்வளவுதானா? ரெண்டையும் தவிர மத்ததெல்லாம் பண்ணினோம்.

"மத்த பிள்ளைங்க நம்பர் எல்லாம் குடு. எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணணும். இதை நான் போலீஸுக்கு எழுதித்தான் ஆகணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்ல ஒரு ஏட்டம்மா இருந்தாங்க. தொப்பியைக் கழட்டி ஃபைல் மேல வச்சிருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாங்க. பேரு? சண்முகக்கனி. அப்பா பேரு? சொன்னேன். என்ன பண்றீங்க? ஜவுளிக்கடை. "கோச்சிங் எதுக்கு?"

"போலீஸுக்கு. வர்ற வியாழக்கிழமை பிசிகல்."

ஏட்டம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "பாப்பா, 'நான் குடுத்தேன்'ங்கறதை அப்படியே எழுதினா நீ சாட்சியா, எதிரியான்னு இன்ஸ்பெக்டர்தான் முடிவு பண்ணுவார். 'மாஸ்டர் குடுத்தார்'னு எழுதிக்கவா?"ன்னாங்க.

ஆசையா இருந்துச்சு. பொய் எழுத மாட்டேன், ரொம்ப ஆசையா இருந்துச்சு.

"நான் குடுத்தேன்னே எழுதுங்க மேடம்."

கையெழுத்துப் போட்டேன்.

மே 12, செவ்வாய்

காலையில எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. எனக்கும் கிட்னி சுமாராத்தான் இருக்காம். "தண்ணி குடி, ஒரு மாசம் ஓடாத, சரியாயிடும். இப்ப ஓடினா அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துக் கட்டில் உனக்கு."

"நாளை மறுநாள் ஒரே ஒரு நாள் மேடம். ரெண்டரை நிமிசம்தான்."

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

பிள்ளைங்க எல்லாருக்கும் போன் பண்ணினேன். நாலு பேர் டெஸ்டுக்கு வர்றேன்னாங்க. மத்தவங்க, "நீ பாஸாகறதுக்கு எங்களைக் கழட்டி விடப் பாக்கறியா?"ன்னு கேட்டாங்க. ஒருத்தி பேசக் கூடாத வார்த்தை எல்லாம் பேசினா. நான் மட்டும் என்ன யோக்கியம்?

மே 13, புதன்

பேச்சி அம்பது மில்லி ஒண்ணுக்குப் போயிருக்கா. பொன்ராசு அண்ணன் பையைத் தூக்கிப் பிடிச்சு போட்டோ அனுப்பியிருக்கார். என்கூடப் பேச மாட்டார், ஆனா போட்டோ அனுப்பினார்.

மாஸ்டரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிச்சு அனுப்பிட்டாங்களாம். எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக்குப் போட ஷூவைத் துவைச்சு வெயில்ல வச்சிருக்கு.

மே 14, வியாழன்

போனேன். ஓடறதுக்குத்தான் போனேன், அதுல என்ன ஒளிவு மறைவு. ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டுப் போனேன். ஆயுதப்படை மைதானம். பெரிய மைதானம், வெள்ளைக் கோடெல்லாம் புதுசா. ஹால் டிக்கெட் பார்த்தாங்க, உயரம் அளந்தாங்க. சரியா இருக்குன்னாங்க. மார்புல ஒட்டற நம்பர் குடுத்தாங்க: 212. அதைக் கையில வாங்கும்போது உடம்பெல்லாம் சிலுத்துச்சு. பன்னிரண்டு வயசுல இருந்து இப்படி ஒரு நம்பருக்குத்தான் ஆசைப்பட்டேன்.

ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு ஃபாரம். சப் இன்ஸ்பெக்டர் மேடம் ஒருத்தங்க பெஞ்சு போட்டு உக்காந்து வாங்கிக்கிட்டு இருந்தாங்க. 'நான் பூரண உடல்நலத்துடன் இருக்கிறேன், எனக்கு எந்த நோயும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்து.

எனக்கு முன்னாடி நின்னவ படிக்காமலே போட்டுட்டுப் போனா. எங்க கோச்சிங் பிள்ளைதான். உதட்டு ஓரத்துல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. இன்னைக்கும்! என்னைப் பார்த்ததும் துடைச்சுக்கிட்டா.

பேனாவை எடுத்தேன். ஒரு சின்னக் கையெழுத்து, யாருக்கும் நஷ்டமில்ல, என் கிட்னிதானே. 'ச'ன்னு முதல் எழுத்துப் போட்டுட்டேன். அதுக்கு மேல கை போகல. ஆஸ்பத்திரியில 'அது ஒண்ணும் பண்ணாது'ன்னு சொன்னேனே, அந்தக் குரல் அப்படியே காதுல கேட்டுச்சு.

"என்னம்மா, சீக்கிரம். லைன் நிக்குது பாரு."

"மேடம், எனக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் ஓடக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு வந்த?"

தெரியல மேடம்னு சொன்னேன். அவங்க நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. லிஸ்ட்ல சிவப்பு மையில என் பேருக்கு நேரா 'ஆப்சென்ட்'னு எழுதப் போனாங்க.

"மேடம், ஆப்சென்ட் போடாதீங்க. நான் வந்திருக்கேன்."

"ஓடலைன்னா ஆப்சென்ட்தாம்மா. இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு."

"இல்ல மேடம். வந்தேன். வந்தேன்னு எழுதுங்க." சத்தமா சொல்லிட்டேன் போல, லைன்ல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அழுதுக்கிட்டு இருந்தேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

மேடம் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் கட்டத்துக்கு வெளிய, ஓரத்துல, பொடி எழுத்துல எழுதினாங்க: 'வந்தார். ஓடவில்லை.'

அது போதும்னு நான் சொல்ல மாட்டேன். போதாது. சத்தியமா போதாது. கேட்டுக்கு வெளிய வந்து நிக்கும்போது அடுத்த பேட்சுக்கு விசில் ஊதினாங்க.